சேலம் வக்கீல் விஜயராகவாச்சாரியார் நகரசபைப் பதவிக்காக அரசின் மேல் வழக்குப் போட்டது உண்மையா?

சேலம் ஜூனியர்:

அனைவருக்கும் வணக்கம். சேலம் நீதிமன்றத்தில் ஜூனியராக இருக்கிறேன். எங்கள் வழக்கறிஞர் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது. உள்ளூர் அரசியலில் இருந்த பழைய வக்கீல்களில் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரும்படி சீனியர் என்னிடம் சொல்லியிருக்கிறார். யோசிக்க ஒன்றுமே இல்லை, சி. விஜயராகவாச்சாரியார் என்று உடனே சொல்லிவிட்டேன். சேலத்தில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. அந்தப் பெயரைப் படித்துக்கொண்டே வளர்ந்தவள் நான்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் கஷ்டம் தெரிகிறது. எங்கே தேடினாலும் அதே ஐந்து வரிகள். 1852இல் செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தார், சேலத்தில் வக்கீலாக இருந்தார், 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார், தென்னிந்தியாவின் சிங்கம் என்று அழைக்கப்பட்டார், 1944இல் மறைந்தார். சேலத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்கு இதில் ஒரு சொல்கூட இல்லை. நான் எழுத நினைப்பது அகில இந்தியத் தலைவரைப் பற்றி அல்ல. இதே ஊரில் வாய்தா வாங்கி, வழக்குக் கட்சிக்காரர்களைப் பார்த்து, நகரசபைக் கூட்டத்துக்கும் போய்வந்த மனிதரைப் பற்றி.

1882 கலவர வழக்கில் அவர் சிக்கினார் என்றும், நகரசபையிலிருந்து நீக்கப்பட்டார் என்றும், அதற்காக அரசிடமிருந்தே நஷ்டஈடு வாங்கினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. இது உண்மையா, ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதா? உண்மையென்றால் தீர்ப்பு எங்கே கிடைக்கும்? விவரம் தெரிந்த பெரியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய சிவில் வக்கீல்:

அம்மா, வணக்கம். சேலத்திலேயே சிவில் தொழில் செய்து, பார்வை மங்கியதும் கட்டுகளை ஜூனியர்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவன் நான். நீங்கள் கேட்டது உண்மை. ஊர்ப் பெருமைக்கதை அல்ல. தீர்ப்பு அச்சில் இருக்கிறது: விஜயராகவ எதிர் இந்தியா மந்திரி, 1884, ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பு) 7 மெட்ராஸ், பக்கம் 466. சேலம் வக்கீல் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டிய தீர்ப்பு என்பது என் கருத்து.

முதலில் ஒன்று சொல்கிறேன். நாக்பூரைக் கட்டுரையின் கடைசிக்குத் தள்ளுங்கள். அது 68 வயதில் அவருக்கு வந்த மரியாதை. அவரை ஆளாக்கியது 30 வயதில், இந்த ஊரில், இந்த ஊர் நீதிமன்றத்தில் தொடங்கிய சண்டை.

அவர் வக்கீலாக வேண்டும் என்று கிளம்பியவர் இல்லை. புரோகிதர் வீட்டுப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1875இல் பட்டம் பெற்றார். அங்கேயே விரிவுரையாளர் ஆனார். பிறகு மங்களூர் அரசுக் கல்லூரிக்கு மாற்றினார்கள், வேலையை விட்டுவிட்டார். சேலத்துக்கு வந்தது முனிசிபல் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க. வகுப்புக்குப் போகாமல், வாத்தியார் வேலைக்கு நடுவில் தாமாகவே சட்டம் படித்துத் தேறி, 1881இல் இங்கே பிளீடராக, அதாவது கீழ் நீதிமன்ற வக்கீலாக, தொழில் தொடங்கினார். அடுத்த வருஷமே நகரசபை உறுப்பினர். வக்கீலாக அவருக்கு வயது ஒன்றுதான், அந்த நிலையில் கலவர வழக்கு வந்து மேலே விழுந்தது.

அந்தக் காலத்து நகரசபையை இன்றைய மாநகராட்சி மாதிரி நினைத்துவிடாதீர்கள். சேலம் நகராட்சி 1866இல் ஏற்பட்டது. 1871ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நடந்துகொண்டிருந்தது. உறுப்பினர்களுக்கு முனிசிபல் கமிஷனர்கள் என்று பெயர். கலெக்டரின் பிடியில் இருந்த சபை அது. அவர் சொன்னதற்குத் தலையாட்டுவதுதான் பெரும்பாலான உறுப்பினர்களின் வேலை. அங்கே போய் ஒரு பிளீடர் கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. 1882 மே 18. அன்றுதான் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். ஊர்க் காரியத்தை ஊராரே பார்த்துக்கொள்ளட்டும், அதிகாரிகள் விலகி நிற்கட்டும் என்பது அதன் சாரம். சென்னையில் ரிப்பன் மாளிகைக்கு அவர் பெயர் வைத்தது இதனால்தான். அந்த மை உலர்வதற்குள், ஆகஸ்டில் சேலத்தில் கலவரம். செவ்வாய்ப்பேட்டைப் பள்ளிவாசல் வழியாக மேளதாளத்தோடு சாமி ஊர்வலம் போகலாமா கூடாதா என்பதில் கிளம்பிய தகராறு முற்றி, பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. கலவரத்தைத் தூண்டிவிட்டவர்களில் ஒருவர் என்று விஜயராகவாச்சாரியார் மேல் வழக்கு. விசாரணை நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது.

உயர் நீதிமன்றத்தில் அப்பீல். நார்ட்டன் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேய வக்கீல் துணைக்கு இருந்தார். தண்டனை ரத்தானது. வேறு யாராக இருந்தாலும் உயிர் பிழைத்தோம் என்று மூட்டை முடிச்சோடு களத்தூருக்கே போயிருப்பார்கள். இவர் சேலத்துக்குத் திரும்பிவந்து இரண்டு காரியம் செய்தார்.

ஒன்று, தம்மோடு தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காக ரிப்பனிடம் முறையிட்டு, அவர்களை மீட்டுக் கொண்டுவந்தார். தாம் தப்பித்த பிறகும் மற்றவர்களை மறக்கவில்லை என்பதைக் கட்டுரையில் அழுத்தி எழுதுங்கள்.

இன்னொன்றுதான் நீங்கள் கேட்டது. வழக்கைக் காரணம் காட்டி அரசு அவரை நகரசபையிலிருந்து நீக்கியிருந்தது. சம்பளம் இல்லாத பதவி. திரும்பப் போய் உட்கார்ந்தாலும் அதே கலெக்டர், அதே தலையாட்டிகள். ஆனாலும் விடவில்லை. என்னை நீக்கியது சட்டப்படி செல்லாது, நஷ்டஈடு வேண்டும் என்று வழக்குப் போட்டார். அந்நாளில் அரசின் மேல் வழக்கு என்றால் பிரதிவாதி லண்டனில் இருந்த இந்தியா மந்திரி, அதாவது பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர். சேலத்துப் பிளீடர் ஒருவர், தொழிலில் இன்னும் வேர் பிடிக்காதவர், சாம்ராஜ்யத்தின் மந்திரியைப் பிரதிவாதியாக நிறுத்தினார். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நீதிமன்றத்தின் முன்னே இருந்த கேள்வி இதுதான். உறுப்பினரை நீக்கும் அதிகாரம் சட்டசபைச் சட்டத்தால் கவர்னருக்குக் கிடைத்த அதிகாரம். அப்படியானால் அந்தச் சட்டம் சொன்ன காரணம் இருந்ததா, சொன்ன முறைப்படி நடந்ததா என்று சிவில் நீதிமன்றம் பார்க்க முடியுமா, முடியாதா? கவர்னர் உத்தரவு போட்டுவிட்டார், இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அரசின் தோரணை. பார்க்க முடியும் என்றது நீதிமன்றம். இதற்கு இரண்டு வருஷம் முன்பு, உப்பு வரி சம்பந்தமான ஹரி பாஞ்சி வழக்கில் (ஐ.எல்.ஆர். 5 மெட்ராஸ் 273) இதே உயர் நீதிமன்றம், சட்டத்தின் பெயரால் அரசு செய்யும் காரியத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்று வழி திறந்துவைத்திருந்தது. அந்த வழியாக நடந்தவர் நம் ஊர்க்காரர். நூறு ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது. பதவியும் திரும்பியது.

நூறு ரூபாய்தானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொகையைப் பார்க்காதீர்கள். கலெக்டருக்குப் பிடிக்காத உறுப்பினரை ஒரு கடிதத்தில் தூக்கி எறிந்துவிட முடியாது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நகரசபைக்குப் போன ஒவ்வொரு உறுப்பினருக்கும் அதனால் முதுகெலும்பு கிடைத்தது.

எங்கள் சீனியர் அலுவலகத்தில் அந்த ஏழாம் தொகுதி இருந்தது. தோல் அட்டை, முதுகு பிய்ந்து, தைத்த நூல் வெளியே தெரியும். திறக்கும்போது மேலட்டையை இடது கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் தாளைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் தாள்கள் கொத்தாக வந்துவிடும். 466ஆம் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'நம்மூர்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பேரூராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து எடுத்த வழக்கில் முதன்முதலாக அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனேன். இவ்வளவு பழைய தீர்ப்பு எதற்கு என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நீதிபதி வாங்கி, முழுவதும் படித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

பிறகு 1895 முதல் 1901 வரை சென்னை சட்டசபை, 1913 முதல் 1916 வரை டெல்லியில் இருந்த மத்திய சட்டசபை என்று அவர் வளர்ந்தது எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். அதற்கு ஒரு பத்தி போதும்.

ஆத்தூர் வரலாற்று ஆசிரியர்:

பெரியவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கட்டுரை எழுதும் சகோதரியிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். 1882ஐ ஒரு வக்கீலின் வீரக்கதையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். விஜயராகவாச்சாரியார் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது அவரைப் பற்றியதுதான். அந்தச் சம்பவத்தின் கொடுமை அதனால் குறைந்துவிடாது. எங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதே பாடத்தை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது எனக்கு இது தெளிவாகத் தெரிகிறது.

வழக்கறிஞர் மலர் என்பதால் இன்னொரு தீர்ப்பையும் சேருங்கள். சுந்தரம் செட்டி வழக்கு, 1883, ஐ.எல்.ஆர். 6 மெட்ராஸ் 203. சேலத்து ஊர்வலத் தகராறிலிருந்து எழுந்ததுதான் அதுவும். பொதுவழியில் மேளத்தோடு ஊர்வலம் போக யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் அடுத்தவர் வழிபாட்டுக்கு இடைஞ்சல் வராமலும் அமைதி கெடாமலும் பார்க்க மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் உண்டு என்ற நிலைப்பாடு அந்தக் காலத்து மெட்ராஸ் தீர்ப்புகளில் உருவாயிற்று. 1924இல் மன்சூர் ஹசன் வழக்கில், அந்நாளில் இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் இந்த மெட்ராஸ் வழியை ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதும் இன்றும் ஊர்வல வழக்குகளில் பேசப்படும் சட்டத்துக்குச் சேலத்துத் தெருவும் ஒரு காரணம். ஒரே தகராறு ஒரு பக்கம் ஊர்வலச் சட்டத்தையும் மறு பக்கம் நகரசபை உறுப்பினரின் உரிமையையும் நமக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால் வாசிப்பவர்களுக்கு முழு உருவம் கிடைக்கும்.

அரசியல் பின்னணியும் வேண்டும். அப்போதைய கவர்னர் கிராண்ட் டஃப். சேலம் வழக்குகளை அவருடைய நிர்வாகம் நடத்திய விதம் சென்னையில் படித்தவர்களைக் கொதிக்க வைத்தது. 1878இல் தொடங்கியிருந்த 'தி ஹிந்து' பத்திரிகை விடாமல் எழுதியது. 1884இல் சென்னை மகாஜன சபை என்ற அரசியல் சங்கம் பிறந்ததற்கு இந்தக் கொதிப்பும் ஒரு காரணம். மறு வருஷம் காங்கிரஸ். ஆக, சேலத்து உள்ளூர் வழக்கு சென்னை அரசியலையே ஒன்றுதிரட்டியது.

அவருடைய பிற்காலத்தையும் மறைக்காதீர்கள். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும், பெண்களுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று பேசியவர். 1931இல் அகோலாவில் இந்து மகாசபைக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். இரண்டும் ஒரே மனிதர். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது பாராட்டு மடலாகிவிடும்.

சேலம் ஜூனியர்:

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தீர்ப்பை இன்று சங்க நூலகத்தில் தேடி எடுத்துவிட்டேன். ஆசிரியர் ஐயா சொன்னதைக் கேட்டுக் கட்டுரையின் தொடக்கத்தையே மாற்றுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவர்கள் மலரைக் கையில் எடுக்கும்போது தங்கள் தெருவின் கதை நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள். ராஜாஜியும் சேலம் வக்கீல்தான், நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். இருவரையும் சேர்த்துப் பார்க்க இடமிருக்கிறதா? அடுத்தது எனக்காகவே கேட்பது. வரும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லி எங்கள் வார்டில் சிலர் கேட்கிறார்கள். தொழிலையும் கவுன்சிலர் பதவியையும் சேர்த்து நடத்த முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நாமக்கல் பக்கத்து முன்னாள் கவுன்சிலர்:

நான் இருந்திருக்கிறேன், தங்கச்சி. நகராட்சி உறுப்பினராக ஒரு முழுத் தவணை. நோட்டரி வேலையும் குடும்ப நீதிமன்ற வழக்குகளும் கூடவே.

சட்டப்படி தடை கிடையாது. எம்.பி., எம்.எல்.ஏ.க்களே வக்கீல் தொழில் செய்யலாம் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் அரசாங்கத்தின் முழுநேர ஊழியர்கள் ஆகமாட்டார்கள் என்பது காரணம். ஆனால் உள்ளாட்சியில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, நகராட்சிக்காகக் கட்டணம் வாங்கி வாதாடும் வக்கீலும், நகராட்சிக்கு எதிராக வாதாடும் வக்கீலும் அங்கே உறுப்பினராக இருக்கக் கூடாது என்று வைத்தார்கள். இப்போது 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேட்புமனு போடுவதற்கு முன் அதில் தகுதியிழப்புப் பிரிவுகளை வரி விடாமல் படியுங்கள்.

அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது சொல்வதற்குச் சுலபம். காலை ஆறு மணிக்கு வாசலில் குடத்தோடு வந்து நிற்பவர்கள் தண்ணீர் வரவில்லை என்று பேச ஆரம்பிப்பார்கள். போகும்போது இடுப்பில் செருகியிருக்கும் சொத்துவரி நோட்டீசை எடுத்து நீட்டி, "இதுக்கு நீங்களே ஒரு கேஸ் போட்டுடுங்கம்மா" என்பார்கள். உங்களை நம்பி ஓட்டுப் போட்டவர்கள். முடியாது என்றால் முகம் சுருங்கும். நான் நகராட்சி சம்பந்தப்பட்ட காகிதம் எதையும் கையில் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேறு வக்கீலிடம் அனுப்புவேன், அவரிடமிருந்து ஒரு பைசா வாங்கமாட்டேன். மனஸ்தாபம் வந்தது. ஆனால் கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் பில்லைப் பற்றி நான் எழுந்து கேட்டபோது, உனக்கென்ன வந்தது என்று திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

வருமானம் குறையும், அதையும் மறைக்கமாட்டேன். நகராட்சிக் கூட்டமும் வாய்தாவும் ஒரே நாளில் வந்தால் கட்சிக்காரர் வேறு வக்கீலைத் தேடிப் போய்விடுவார். உங்கள் சீனியர் ஒத்துழைப்பாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல குமாஸ்தா ஒருவர் இருந்தால் பாதிச் சுமை குறையும். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் சட்டம் தெரிந்தவர்கள் போய் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள் அங்கே தேவை.

பழைய சிவில் வக்கீல்:

நாமக்கல் அம்மையார் சொன்னது அத்தனையும் நியாயம். ராஜாஜி பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

சேர்த்துப் பார்க்கத் தாராளமாக இடமிருக்கிறது, தாயே. ராஜாஜி ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளிக்காரர். அது அப்போது சேலம் ஜில்லா. 1900இல் சேலத்தில் தொழில் தொடங்கினார். அப்போது விஜயராகவாச்சாரியார் ஊரில் மூத்த வக்கீல், காங்கிரசில் பெரிய பெயர். இளம் வக்கீலுக்கு அவருடைய பழக்கம் கிடைத்தது பெரிய வாய்ப்பு. 1911இல் ராஜாஜி நகரசபை உறுப்பினர். 1917 முதல் 1919 வரை தலைவர். மூத்தவர் நீதிமன்றத்தில் போராடித் திரும்பப் பெற்ற அதே சபையில், முப்பது சொச்சம் வருஷத்தில் இளையவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் தண்ணீருக்குத் தவித்த ஊர் இது. மேட்டூர் அணை வந்தது 1934இல்தான். 1911இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரிதான் அப்போது நகரத்துக்குக் குடிநீர். அதைப் பங்கிடுவதில் சாதி புகுந்துகொள்ளும் காலம். ராஜாஜி தலைமையில்தான் சேலம் நகரசபையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக உறுப்பினராக உட்கார்ந்தார். நூறாண்டு கழித்து இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த அறையில் அன்று யார் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் தெரியும், எவ்வளவு பெரிய காரியம் என்று. தொழிலிலும் அவர் சும்மா இல்லை. ராசிபுரத்துக்காரரான வரதராஜுலு நாயுடுவின் மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடினார். 1916இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கு ஒரு சங்கமும் இங்கே தொடங்கினார்.

1919இல் சென்னைக்குப் போய்விட்டார். காந்தி வந்தார், ரௌலட் சட்ட எதிர்ப்பு வந்தது, ஒத்துழையாமை வந்தது. ராஜாஜி வக்கீல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டார். 1921 டிசம்பரில் வேலூர் சிறை. மறுபுறம், 1920 டிசம்பரில் நாக்பூரில் தலைமை நாற்காலியில் இருந்தவர் விஜயராகவாச்சாரியார். நீதிமன்றத்தையும் பள்ளிக்கூடத்தையும் புறக்கணிப்பதில் அவருக்கு முழு உடன்பாடு இல்லை, அதைத் தலைமையுரையிலேயே சொன்னார். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே நகரசபை. இந்த ஒரு கேள்வியில் இருவரும் எதிரெதிர்.

மக்கள் ராஜாஜியின் பக்கம் போனார்கள், சரித்திரமும் போயிற்று. என் மனம் இதில் மூத்தவரின் பக்கம். நீதிமன்றம் அந்நியனுடையதாகவே இருந்தாலும், அங்கேதான் அவருக்கு விடுதலை கிடைத்தது, பதவி திரும்பக் கிடைத்தது. அந்தப் படியில் ஏறி வென்ற மனிதரால் அதைப் பூட்டுங்கள் என்று சொல்ல முடியவில்லை. அதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் 1884 தீர்ப்பைப் படிக்காதவர்கள். ராஜாஜியும் சேலத்தை விட்டுவிடவில்லை; 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை அக்டோபர் 1 அன்று முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் ஜில்லாவில்தான்.

உங்கள் கட்டுரைக்கு இனி வேண்டியது மூல ஆவணம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். சங்கத்திலிருந்து ஒரு கடிதம், உங்கள் பார் கவுன்சில் அடையாள அட்டை, இரண்டும் கொண்டுபோங்கள். 1882 முதல் 1884 வரை நீதித்துறை நடவடிக்கைகளையும் நகராட்சி நடவடிக்கைகளையும் கேளுங்கள். கலவர வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவரை நீக்கிய உத்தரவின் வாசகம் என்ன, யார் பரிந்துரை, எந்தத் தேதி என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தீர்ப்பின் பக்கத்தில் வைத்துப் படித்தால் அரசு எந்த இடத்தில் சறுக்கியது என்று வரிக்கு வரி தெரியும். குறிப்புகளை எடுத்துவந்து இங்கே போடுங்கள். சட்டப் பகுதியை நாம் சேர்ந்து எழுதலாம்.